வாளின் இலக்கணம்: ஐரோப்பிய வாட்போரும் மேடைச் சண்டையும் குறித்துச் சில குறிப்புகள்

1

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு நாடகப் பயிற்சி முகாமில் ‘மாக்பெத்’தின் கடைசிச் சண்டையைப் போட்டுப் பார்த்தோம். நான் மாக்டஃப். ஆளுக்கொரு மூங்கில் கழி. மாக்பெத்தாக எதிரே நின்றவன் கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் இளையவன். மூன்றாவது அடியிலேயே அவன் ஆள்காட்டி விரலில் போட்டுவிட்டேன். நகம் கறுத்துப்போச்சு. சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த அண்ணன் என்னைத் திட்டவில்லை. கழியை வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, நீ அவன அடிக்கணும்னு நெனச்சு அடிக்கிற. அவன் தடுக்கிறதுக்கு ரெடியான பெறகுதான் உன் கழி அங்க போகணும். சண்டை உன் கையில இல்ல, அவன் கையில இருக்கு.”

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வார்த்தை விடவில்லை. மேடைச் சண்டையில் தாக்குகிறவன் தாக்கப் போவதாக ஒரு சாடை காட்டுகிறான். எதிராளி முதலில் தடுப்புக்குப் போகிறான். அதைப் பார்த்த பிறகே அடி முழுமை பெறுகிறது. மயிரைப் பிடித்து இழுக்கிற காட்சியில்கூட இழுபடுகிறவர்தான் இழுக்கிறவர் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு, தன் உடம்பைத் தானே நகர்த்துகிறார். பார்வையாளருக்குப் பகையாகத் தெரிவது உள்ளே முழுக்க முழுக்கக் கூட்டு உழைப்பு.

இந்த இடத்திலிருந்துதான் எனக்கு ஒரு கேள்வி கிளம்பியது. நாம் சினிமாவிலும் மேடையிலும் பார்க்கிற ஐரோப்பிய வாள்சண்டை எங்கிருந்து வந்தது? அந்தக் காலத்தில் இப்படித்தான் சண்டை போட்டார்களா? ‘இல்லை’ என்பது சுலபமான பதில். அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அந்த ‘இல்லை’க்குள் ஒரு வரலாறு இருக்கிறது. ஐரோப்பாவின் இடைக்கால, மறுமலர்ச்சிக் கால வாட்கலை நமக்கு நேராக வந்து சேரவில்லை. 19ஆம் நூற்றாண்டில் கட்டமைக்கப்பட்ட ஒரு சொல்லாடலின் வழியாக வடிகட்டப்பட்டு வந்திருக்கிறது. அந்த வடிகட்டலில் நின்றுபோனது யார், எது என்பதுதான் இக்கட்டுரையின் அக்கறை.

2

முதலில் பிரதிகள். ஐரோப்பாவில் இன்றைக்குக் கிடைக்கிற மிகப் பழைய வாட்போர்க் கையேடு 14ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியைச் சேர்ந்தது. ஐ.33 என்ற எண்ணால் அறியப்படும் இந்தச் சுவடி இன்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 32 ஏடுகள். லத்தீன் உரை, நடுநடுவே ஜெர்மன் கலைச்சொற்கள், பக்கத்துக்குப் பக்கம் படங்கள். வாளும் சிறு கேடயமும் பிடித்துச் சொல்லிக்கொடுப்பவர் ஒரு பாதிரியார். கற்றுக்கொள்பவன் அவருடைய மாணவன். கடைசிப் பக்கங்களில் மாணவனின் இடத்தில் வால்புர்கிஸ் என்ற ஒரு பெண் வந்து நிற்கிறாள், அதே வாளோடு, அதே கேடயத்தோடு. அவள் யார், ஏன் வந்தாள் என்று பிரதி விளக்குவதில்லை. அது பெரிய விஷயமே இல்லை என்பதுபோல அடுத்த அடியைச் சொல்லிக்கொண்டு போகிறது.

ஜெர்மன் மரபின் மூல ஆசானாகக் கருதப்படுபவர் யோகான்னஸ் லீக்டெனவர். அவர் உரைநடையில் எதையும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. அவருடையதாகக் கிடைப்பவை மனப்பாடம் செய்வதற்கான சிறு செய்யுள்கள் மட்டுமே. வேண்டுமென்றே மறைபொருளாகச் செய்யப்பட்டவை. கலையை மலிவாக்கிவிடும் அரைகுறை ஆசான்களிடம் போய்ச் சேரக்கூடாது என்பதற்காக இப்படிச் செய்தார் என்று பின்வந்த உரைகாரர்களே காரணம் சொல்கிறார்கள். நியூரம்பர்க் நகரில் உள்ள 3227ஏ என்ற சுவடிதான் இந்தச் செய்யுள்களைத் தருகிற மிகப் பழைய சுவடியாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. 1400ஐ ஒட்டிய காலத்தது. அது ஒரு வீட்டுக் குறிப்பேடு. இரும்பைக் கடினப்படுத்துவது எப்படி, மருந்து செய்வது எப்படி என்பவற்றுக்கு நடுவே வாட்போரும் வருகிறது. 15ஆம் நூற்றாண்டு முழுக்க இந்தச் செய்யுள்களுக்கு உரை எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

தொல்காப்பிய நூற்பாவை வைத்துக்கொண்டு இளம்பூரணர் ஒன்று சொல்ல, நச்சினார்க்கினியர் வேறொன்று சொல்ல, நடுவில் மாட்டிக்கொண்டு முழித்த எம்.ஏ. தமிழ்க்காரனுக்கு இது பழகிய நிலைமைதான். ஒரே ஒரு வித்தியாசம். இங்கே உரையைத் தவறாகப் புரிந்துகொண்டால் பரீட்சையில் மார்க் போகாது, மண்டை போகும்.

செய்யுள்களும் உரைகளும் அப்படி என்னதான் சொல்கின்றன? மூன்று சொற்களைச் சுற்றி எல்லாம் அமைகிறது. ‘ஃபோர்’ என்றால் முன். முதலில் தாக்கி, எதிராளியைத் தடுக்கும்படி கட்டாயப்படுத்துகிற நிலை. ‘நாக்’ என்றால் பின். தடுத்துக்கொண்டே இருக்க வேண்டிய நிலை. ‘இன்டெஸ்’ என்பது இரண்டுக்கும் நடுவில், அந்தக் கணத்துக்குள்ளேயே, தடுப்பும் தாக்குதலும் ஒன்றாகிற புள்ளி. இரண்டு வாள்கள் மோதி ஒட்டிக்கொள்ளும்போது எதிராளியின் கை இறுகியிருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்பதைக் கண்ணால் அல்ல, வாளின் வழியாகத் தொட்டு உணர வேண்டும். அவன் அழுத்தினால் விட்டுக்கொடுத்துச் சுற்றிப் போ. அவன் தளர்ந்தால் நேராக உள்ளே போ. அதற்கும் மேலே, வாளின் நடுப்பகுதியைக் கையால் பிடித்துக் கவச இடுக்கில் குத்துவது, வாளையே தலைகீழாகப் பிடித்துக் கைப்பிடியால் சம்மட்டிபோல அடிப்பது, வாளை விட்டுவிட்டுக் கட்டிப் புரள்வது எல்லாம் உண்டு. மல்யுத்தம் தெரியாதவன் வாள் பிடிக்க முடியாது என்பதுதான் இந்த மரபு.

இரண்டு கையால் பிடிக்கிற அந்த நீள்வாளைப் பற்றிய பிரமை ஒன்றையும் இங்கே கழற்றி வைக்கலாம். பத்துக் கிலோ, பதினைந்து கிலோ என்றெல்லாம் சொல்வார்கள். மியூசியங்களில் நிறுத்துப் பார்த்தவை பெரும்பாலும் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரைக் கிலோ அளவில்தான் இருக்கின்றன. நம் ஊர் மண்வெட்டியைத் தினமும் பிடிக்கிறவருக்கு அது ஒரு பாரமே இல்லை.

3

அப்படியானால் அந்த வாளை யார் பிடித்தார்கள்? லீக்டெனவரின் செய்யுள் இளம் வீரனை, அதாவது பிரபு வம்சத்தவனை, விளித்துத்தான் தொடங்குகிறது. இத்தாலியில் ஃபியோரே தெய் லிபேரி தன் நூலை (ஒரு பிரதியின் தேதி 1409) ஃபெர்ராராவின் நிக்கோலோ தெ எஸ்தே பிரபுவுக்கே அர்ப்பணிக்கிறார். ரகசியமாகவே சொல்லிக்கொடுத்ததாகவும், பார்க்க வந்தவர்களிடம்கூட வெளியே சொல்லமாட்டோம் என்று சத்தியம் வாங்கியதாகவும், தன் கலையைக் காட்ட மறுத்ததற்காகவே மற்ற ஆசான்களோடு ஐந்து முறை கூர்வாளால் மோத நேர்ந்ததாகவும் எழுதுகிறார். அறிவைப் பூட்டி வைப்பது எல்லா ஊரிலும் ஒன்றுபோலத்தான் நடந்திருக்கிறது.

ஆனால் பூட்டு நிற்கவில்லை. 15, 16ஆம் நூற்றாண்டு ஜெர்மன் நகரங்களில் இந்தக் கலை கைவினைஞர்களின் கைக்கு வந்துவிடுகிறது. பிராங்ஃபர்ட்டை மையமாகக் கொண்ட ‘மார்க்ஸ்புரூடர்’ என்ற வாட்போர்ச் சங்கத்துக்கு 1487இல் பேரரசர் மூன்றாம் பிரெடரிக் உரிமைப் பட்டயம் தருகிறார். (காரல் மார்க்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புனித மாற்குவின் பெயரால் அமைந்த சகோதரர் சங்கம்.) இதில் கணிசமானவர்கள் உரோமத்தோல் தைப்பவர்கள். இதற்குப் போட்டியாகக் கிளம்பிய ‘ஃபெடர்ஃபெக்டர்’ சங்கத்துக்கு 1607இல் பட்டயம் கிடைக்கிறது. நகரச் சபையிடம் அனுமதி வாங்கி, வசூல் வைத்துப் பொதுவெளியில் போட்டி நடத்துவார்கள். கத்திக் கொல்லரும் ரொட்டி சுடுபவரும் தையல்காரரும் மோதுவார்கள். தலையில் முதலில் ரத்தம் வரவழைப்பவனுக்குப் பரிசு. நியூரம்பர்க்கின் செருப்புத் தைக்கும் கவிஞர் ஹான்ஸ் சாக்ஸ் 1545இல் இந்தக் கலையின் தோற்றத்தைப் பற்றி ஒரு பாட்டே கட்டியிருக்கிறார்.

இந்த உலகத்திலிருந்து வந்தவர்தான் யோவாகிம் மேயர். தொழில், கத்தி செய்வது. ஊர், ஸ்ட்ராஸ்பர்க். 1570இல் அவர் வெளியிட்ட நூல் அந்த நூற்றாண்டின் மிக விரிவான, மிக ஒழுங்கான வாட்போர் இலக்கணம். நல்ல மரச்செதுக்குப் படங்களோடு கடன் வாங்கி அச்சிட்டார். கடனை அடைப்பதற்காக வடக்கே மெக்லென்பர்க் பிரபுவிடம் ஆசான் வேலைக்குப் போனார். போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில், 1571 பிப்ரவரியில், செத்துப்போனார். கடன் குடும்பத்தின் தலையில் விழுந்தது. ஆக்ஸ்பர்க்கின் பவுல் ஹெக்டர் மைர் கதை இன்னும் மோசம். நகரச் சபையின் கணக்கைப் பார்த்த அதிகாரி அவர். பழைய வாட்போர்ச் சுவடிகளைத் தேடிச் சேர்த்து, ஓவியரை அமர்த்தி, அனுபவமுள்ள இரண்டு வாள்வீரர்களைச் செய்துகாட்டச் சொல்லி வரைந்து, மாபெரும் தொகுதிகளை உருவாக்கினார். செலவுக்கு நகரத்தின் பணத்தில் கைவைத்துவிட்டார். 1579இல் தூக்கில் போட்டார்கள். சிறுபத்திரிகை நடத்தும் நண்பர்களுக்கு இதில் முதல் கதை புதிதாக இருக்காது. இரண்டாவதை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு பெயரும் உண்டு. இந்தச் சுவடிகளில் திரும்பத் திரும்பப் படியெடுக்கப்பட்ட மல்யுத்தப் பகுதி ஓட் என்பவருடையது. ஞானஸ்நானம் பெற்ற யூதர், ஆஸ்திரியப் பிரபுக்களின் மல்யுத்த ஆசான் என்று சுவடிகளே சொல்கின்றன. யூதர்களை நகரம் நகரமாக விரட்டிய ஒரு நூற்றாண்டில், ஒரு யூதரின் உடல் அறிவைக் கிறிஸ்தவர்கள் பெயர் சொல்லியே படியெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இதையெல்லாம் சொல்வதால் சங்கங்களை லட்சிய சமத்துவக் கூடங்களாக நான் வரையவில்லை. அவையும் பட்டயம் வாங்கிப் பூட்டுப் போட்டவைதான். ஹான்ஸ் தால்ஹோஃபரின் 1467ஆம் வருடத்துச் சுவடியில் கணவனுக்கும் மனைவிக்கும் நடக்கிற நீதிமன்றச் சண்டை படமாக இருக்கிறது. கணவன் இடுப்பளவு குழிக்குள் கதையோடு நிற்கிறான். மனைவி வெளியே, துணியில் முடிந்த கல்லோடு. உடல் பலத்தை ‘சமப்படுத்தி’ இருவரில் ஒருவர் சாக விடுவதற்கு நீதி என்று பெயர். மேடையில் நடப்பது பகை வேடம் போட்ட ஒத்துழைப்பு என்றால், இங்கே நடப்பது சட்டத்தின் வேடம் போட்ட கொலை.

4

இப்படிப்பட்ட கலை எப்படிக் காணாமல் போனது? துப்பாக்கி வந்ததும் வாள் போய்விட்டது என்பது பாதி உண்மை. வாள் போகவில்லை, ஆள் மாறியது. 16ஆம் நூற்றாண்டில் நீண்ட, ஒல்லியான, குத்துவதற்கு ஏற்ற ரேப்பியர் வாள் நகரத்துக் கனவான்களின் இடுப்பில் ஏறுகிறது. போர்க்களத்தில் பெரிய பயன் கிடையாது. தெருவில், உடுப்போடு அணிந்து திரிய வேண்டியது. 1553இல் கமில்லோ அக்ரிப்பா என்ற பொறியியல்காரர் வாள் நிலைகளை நான்காகச் சுருக்கி வடிவக்கணிதத்தில் நிறுத்துகிறார். ஜெரார்ட் திபோவின் நூல் (1630) மனித உடலின் அளவிலிருந்து ஒரு மாய வட்டத்தை வரைந்து, ஒவ்வொரு காலடியையும் அதன் கோடுகளில் வைக்கச் சொல்கிறது. கட்டிப் புரண்ட உடல் இப்போது காம்பஸ் முனையில் நடக்கத் தொடங்கிவிட்டது.

லண்டனில் இதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. 1599இல் ஜார்ஜ் சில்வர் என்பவர், இத்தாலிய ரேப்பியர் ஆசான்கள் சொல்லிக்கொடுப்பது எதிரியைக் கொல்லும் கலையே தவிரத் தன்னைக் காத்துக்கொள்ளும் கலை அல்ல என்று ஒரு புத்தகமே எழுதினார். வெளிநாட்டுக்காரன் மீதான காழ்ப்பு அதில் நிறையவே இருக்கிறது. ஆனாலும் தற்காப்பு இல்லாத கலை கலையாகுமா என்ற கேள்வி நியாயமானதுதான்.

18ஆம் நூற்றாண்டில் வாள் இன்னும் சிறுத்து, லேசாகி, சிறுவாள் ஆனது. முதலில் தடு, பிறகு பதிலடி கொடு என்று இரண்டு அசைவுகளாகப் பிரிக்கப்பட்ட இலக்கணம் உருவானது. லண்டனில் பள்ளி வைத்த இத்தாலியர் டொமினிகோ ஆஞ்செலோவின் நூல் (1763) இதை நளினமாகவும் ஆரோக்கியமாகவும் ஆக்கிக் கனவான் பிள்ளைகளுக்குத் தந்தது. திதரோவின் கலைக்களஞ்சியம் வாட்போர்ப் பகுதிக்கு அந்தப் படங்களையே எடுத்துக்கொண்டது. உடலை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் பற்றி பூக்கோ சொல்வதற்கு ராணுவமும் பள்ளிக்கூடமும் சிறைச்சாலையும் உதாரணங்கள் என்றால், இந்த வாள்கூடத்தையும் பக்கத்தில் வைக்கலாம். கூடவே துவந்த யுத்தத்தின் விதியும் மாறியது. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் ‘திருப்தி தரத் தகுதியுள்ளவன்’ என்றொரு சொல் இருந்தது. அவமானப்படுத்தியவன் அதிகாரியோ பட்டதாரியோ பிரபுவோ என்றால் வாளுக்கு அழைக்கலாம். கூலிக்காரன் என்றால் அவனை அழைக்க முடியாது. அவனுக்கு மானம் என்று ஒன்று இல்லாததால், அதைத் தீர்த்துக்கொள்ளச் சண்டையும் இல்லை. உரோமத்தோல் தைப்பவன் பிடித்திருந்த வாள் இப்போது அவன் தொடக்கூடாத வாள்.

கடைசி ஆணியை அடித்தது வரலாற்றெழுதியல். 1885இல் எகர்டன் காஸல் என்ற ஆங்கிலேயர் வாட்போர்ப் பள்ளிகளின் வரலாற்றை எழுதினார். கடுமையான உழைப்பு, சந்தேகமில்லை. ஆனால் அதன் சட்டகம் அந்தக் காலத்துப் பரிணாமவாதம். இடைக்காலம் முரட்டுப் பலத்தின் காலம். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து, பண்பட்டு, தன் காலத்துக் கனவானின் ஃபாயில் வாளில் வந்து கலை நிறைவடைகிறது. ‘இன்டெஸ்’ என்ற கணத்தின் நுட்பத்தை உரை மேல் உரையாக எழுதிய மரபு இந்தக் கதையில் வெறும் காட்டடியாக ஆகிவிட்டது. காஸலும் அவருடைய நண்பர் கேப்டன் ஆல்ஃப்ரட் ஹட்டனும் பழைய வாட்போரை மேடையில் செய்துகாட்டினார்கள். நடிகர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆய்வு நூல், அரங்கம் இரண்டையும் ஒரே கை எழுதிய இடம் இது.

5

அரங்கத்துக்கும் வாளுக்கும் உள்ள உறவு இதைவிடப் பழையது. ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனில் வாட்போர் ஆசான்கள் சங்கத்தின் பட்டமளிப்புச் சண்டைகள் நாடகக் கொட்டகைகளிலேயே நடந்தன. பெயர்பெற்ற கோமாளி நடிகர் ரிச்சர்ட் டார்ல்டன் 1587இல் ஆசான் பட்டம் பெற்றவர். 1572ஆம் வருடத்து நாடோடிகள் தண்டனைச் சட்டம் பிரபுக்களின் ஆதரவு இல்லாத வாள்வீரர்கள், கரடி ஆட்டுபவர்கள், நாடக நடிகர்கள், பாணர்கள் எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தி நாடோடிகள் என்றது. சட்டத்தின் பார்வையில் வாள்வித்தைக்காரனும் கூத்தாடியும் ஒரே சாதி. 1598இல் பென் ஜான்சன் காப்ரியல் ஸ்பென்சர் என்ற நடிகரை வாள்சண்டையில் கொன்றுவிட்டார். லத்தீன் வேத வரியை வாசித்துக் காட்டினால் பாதிரிகளுக்கான சலுகையில் தூக்கிலிருந்து தப்பலாம் என்ற சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலில் சூட்டோடு தப்பித்தார். எழுத்து வாசிக்கத் தெரிந்ததால் உயிர் பிழைத்த எழுத்தாளர்.

ஆனால் அந்த நாடகப் பிரதிகளில் சண்டைகள் இல்லை! ‘மாக்பெத்’திலும் ‘ஹாம்லெட்’டிலும் சண்டை வருகிற இடத்தில் ஒன்றிரண்டு சொற்களில் ஒரு மேடைக்குறிப்பு மட்டும்தான் இருக்கிறது. பார்வையாளருக்கும் நடிகருக்கும் அது தெரிந்த மொழி. எழுதத் தேவையிருக்கவில்லை. பிற்காலத்தில் அந்த மொழி மறந்துபோன பிறகு, வெற்றிடத்தை நிரப்ப 19ஆம் நூற்றாண்டு அரங்கத்தில் தயார்ச் சண்டைகள் வந்தன. இத்தனை வெட்டு, இத்தனை தடுப்பு என்று எண்ணி வைத்த வரிசைகள். எந்த ஊர்க் கம்பெனிக்குப் போனாலும் நடிகர் அதையே போடலாம். 1885இல் ஹென்றி இர்விங் ‘ஃபௌஸ்ட்’ நாடகத்தில் வாள்களில் மின்சாரம் பாய்ச்சித் தீப்பொறி பறக்கவிட்டார். வாள் இனி உடலைத் தேடிப் போக வேண்டியதில்லை. வாளோடு வாள் உரசிப் பொறி பறந்தால் போதும்.

ஹாலிவுட் இந்த மரபின் வாரிசு. பெல்ஜிய வாட்போர் ஆசான் ஃப்ரெட் கேவன்ஸ் ‘தி பிளாக் பைரேட்’ (1926), ‘கேப்டன் பிளட்’ (1935), ‘ராபின் ஹூட்’ (1938), ‘தி மார்க் ஆஃப் ஜோரோ’ (1940) படங்களின் சண்டைகளை அமைத்தவர். அவருடைய கொள்கை தெளிவானது. போட்டியில் அசைவு எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது. காமிராவுக்கு முன்னால் அசைவு சரியாகவும் இருக்க வேண்டும், பெரிதாகவும் இருக்க வேண்டும். மல்யுத்தக் காட்சி பற்றி ரோலான் பார்த் எழுதியதை இங்கே பொருத்திப் பார்க்கலாம். ஜெயிப்பது அல்ல, பார்ப்பவன் எதிர்பார்க்கிற சைகையைத் தெளிவாக நிறைவேற்றுவதுதான் அங்கே மல்லனின் வேலை என்கிறார். வாளை உண்மையிலேயே நன்றாக வீசத் தெரிந்த பாசில் ராத்போன், அவ்வளவு தெரியாத எர்ரல் ஃப்ளின்னிடம் படத்துக்குப் படம் தோற்றுச் செத்தார்.

கையேட்டு இலக்கணத்தையும் இந்த இலக்கணத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று மற்றொன்றின் தலைகீழ். கையேட்டில் வாள் மனிதனை நோக்கிப் போகிறது. நடுவில் எதிராளியின் வாள் வருவதால் மோதுகிறது. மேடையில் வாள் வாளை நோக்கியே போகிறது. கையேட்டில் தடுப்பும் தாக்குதலும் ஒரே அசைவு. மேடையில் நீ ஒன்று, நான் ஒன்று என்று மாறி மாறி வருகிற உரையாடல். அது 18ஆம் நூற்றாண்டு வாள்கூடத்தின் இரட்டைத் தாளம். கையேட்டில் சண்டை சில நொடி. திரையில் ஒரு ரீல்.

இதுகூடப் பரவாயில்லை. கலைக்குக் கலை விதி வேறு. உயிரோடு வீட்டுக்குப் போக வேண்டிய நடிகர்கள் நிஜ இலக்கணத்தில் சண்டை போட முடியாது. எனக்கு உறுத்துவது வேறு. படிக்கட்டில் கதாநாயகன் இறங்கி வர, பத்துப் பதினைந்து சிப்பாய்கள் ஒவ்வொருவராகக் காத்திருந்து வந்து விழுகிறார்கள். அவர்கள் பாத்திரங்கள் அல்ல, நாயகனின் திறமையை எண்ணிக் காட்டுகிற மணிச்சட்டக் காய்கள். கலை நாயகனின் ரத்தத்தில் இருக்கிறது, சிப்பாய்க்கு வெறும் ஆயுதம் மட்டும் இருக்கிறது. காஸலின் பரிணாமக் கதைதான் இது. நம் ராஜாராணிப் படங்களுக்கும் இந்த இலக்கணம் கடல் கடந்து வந்து சேர்ந்தது. சின்ன வயதில் உள்ளூர்க் கேபிளில் பார்த்துவிட்டுத் தென்னை மட்டையைச் சீவி வீசியவர்களில் நானும் ஒருவன். 1937இல் வந்த ‘தி பிரிசனர் ஆஃப் ஜெண்டா’வின் ஆள்மாறாட்டக் கதை எம்.ஜி.ஆரின் ‘நாடோடி மன்ன’னில் (1958) வருகிறது. இங்கே அரசனின் இடத்தில் அமர்பவன் நாடோடி, மக்களுக்குச் சட்டம் செய்கிறவன். வாள் கைமாறுகிறது என்பது முக்கியம்தான். ஆனாலும் அது மாறுவது ஒற்றை ஆளின் கைக்கே.

6

மாற்று முயற்சிகள் இல்லாமல் இல்லை. பிரிட்டிஷ் சண்டை இயக்குநர் வில்லியம் ஹாப்ஸ் ‘தி டூயலிஸ்ட்ஸ்’ (1977) படத்தில் அமைத்த சண்டைகளைப் பார்க்க வேண்டும். ஜோசப் கான்ராடின் கதையிலிருந்து ரிட்லி ஸ்காட் எடுத்த படம். நெப்போலியன் படையின் இரண்டு அதிகாரிகள் அற்பக் காரணத்துக்காக வருடக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். ஒரு காட்சியில் சேபர் வாளோடு நிற்கக்கூட முடியாமல், மூச்சு வாங்கி, ரத்தத்தோடு ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கிடக்கிறார்கள். இங்கே வாள் பொறி பறக்கவிடவில்லை. பயமும் களைப்பும் தெரிகின்றன. மானம் என்கிற சொல்லாடல் இரண்டு உடல்களை எப்படித் தின்கிறது என்பதை வசனமே இல்லாமல் சண்டை சொல்லிவிடுகிறது.

இதற்கு எதிர்முனையில் ‘தி பிரின்சஸ் பிரைட்’ (1987). செங்குத்துப் பாறை உச்சியில் சண்டை போடும் இருவரும் அக்ரிப்பா, காப்போ ஃபெர்ரோ, திபோ என்று பழைய ஆசான்களின் பெயர்களை உதிர்த்துக்கொண்டே போகிறார்கள். ஆனால் கால்களும் கைகளும் அந்த நூல்களின்படி நகர்வதில்லை. பெயர் மட்டும் எஞ்சி, அறிவு ஆவியாகிவிட்ட நிலையை இதைவிட அழகாகக் கேலி செய்ய முடியாது. (நம் இலக்கியக் கூட்டங்களில் தெரிதா பெயர் படும் பாட்டை நினைத்துக்கொண்டேன்.) அதன் சண்டைகளை அமைத்தவர்களில் ஒருவர் பாப் ஆண்டர்சன். 1952 ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக வாள் பிடித்தவர். ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையில் 1980, 1983 படங்களில் டார்த் வேடர் முகமூடிக்குள் நின்று சண்டை போட்டவரும் அவரே. மார்க் ஹாமில் 1983இல் ஒரு பேட்டியில் போட்டு உடைக்கும் வரை வெளியுலகத்துக்குத் தெரியாது. மேடைச் சண்டையின் உழைப்பு எப்போதுமே முகமூடிக்குள்தான்.

1990களுக்குப் பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிறுசிறு குழுக்கள் பழைய சுவடிகளைக் கையில் வைத்துக்கொண்டு, முனை மழுக்கிய வாளோடு, வரி வரியாகச் செய்து பார்க்கத் தொடங்கினார்கள். படம் நிற்கிறது, செய்யுள் மறைக்கிறது, உரை தாவுகிறது. நடுவில் விடுபட்ட அசைவை உடல்தான் நிரப்ப வேண்டும். ஒருவர் ஒரு வாசிப்பைச் செய்கிறார், எதிரே நிற்பவரின் வாள் அதை மறுக்கிறது. மறுபடி பிரதிக்குப் போகிறார்கள். இதைவிட நேர்மையான வாசிப்பு எனக்குத் தெரியாது. காஸலின் ‘முரட்டுக் காலம்’ இவர்களிடம்தான் உடைந்தது.

ஆனால் இங்கேயும் ஒரு குழி இருக்கிறது. 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் சார்லட்ஸ்வில் நகரில் வெள்ளை இனவாதிகள் இடைக்காலச் சின்னங்கள் தீட்டிய கேடயங்களோடு ஊர்வலம் போனார்கள். ‘எங்கள் மூதாதையர் வாள்’ என்ற பெருமிதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பது நமக்கும் தெரியாத விஷயம் அல்ல. அவர்களுக்குப் பதில் சொல்ல வெளியிலிருந்து எதுவும் தேவையில்லை. சுவடிகளே போதும். அந்தப் பக்கங்களில் நிற்பவர்கள் வால்புர்கிஸ் என்ற பெண்ணும், ஓட் என்ற யூதரும், கடனில் செத்த கத்திக் கொல்லரும்தான். தூய வீரப் பரம்பரையைத் தேடிப் போகிறவன் பிரதியைப் படிக்காமல் இருப்பதே அவனுக்கு நல்லது.

முகாமில் அடுத்த நாள் நண்பன் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றான். “அண்ணே, இன்னைக்கு என் கண்ணப் பாத்து அடிங்க” என்றான். பார்த்தேன். அவன் கழி மேலே ஏறி நின்ற பிறகுதான் என் கழி இறங்கியது. ‘டக்’கென்று சரியான சத்தம். உட்கார்ந்திருந்தவர்கள் நிஜமாகவே பயந்தார்கள். அவனுக்கு வலிக்கவில்லை.